நான்கு தண்ணீர் கேன்களும் ஒரு இரும்புக் குழாயும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய வெல்டிங் பட்டறை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மாஸ்டரும் நானும் ஒரு சைக்கிள் ஃபிரேமை இரும்பு மேசையில் பூட்டிவைத்து முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்முனை அசையாதபடி கிளாம்ப் போட்டிருந்தது. முன்முனையில், ஃபோர்க் மாட்டும் குழாயில், குறுக்காக 60 செ.மீ. கம்பி ஒன்றைக் கட்டி, அதன் இடது நுனியில் தண்ணீர் நிரம்பிய 20 லிட்டர் கேனைத் தொங்கவிட்டோம். இடது நுனி வலதைவிடத் தாழ்ந்தது. இரண்டு நுனிகளின் உயரத்தையும் அளந்து மேசை ஓரத்தில் சாக்பீஸால் எழுதினார் மாஸ்டர். வித்தியாசம் 7 மி.மீ.

“ஏழு மில்லிதானே சார், இது ஒரு விஷயமா?”

விஷயம்தான். அந்த 7 மி.மீ.க்காகத்தான், மூன்று வாரம் உழைத்துச் செய்த ஃபிரேமை ஓரமாகச் சாய்த்துவிட்டு இரண்டாவதாக ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பி, டபுள் பார் சைக்கிளில் கேரியரின் இருபுறமும் ஒவ்வொரு கேனாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வருவார். ஒரு நடைக்கு இரண்டு கேன். ஒன்றை இறக்கியதும் மறுபக்கத்துப் பாரம் வண்டியைச் சாய்க்கும். இடுப்பால் முட்டுக் கொடுத்துக்கொண்டே அடுத்ததை அவிழ்ப்பார். அவருக்கு நான்கு கேன்களை, அதாவது 80 கிலோவை, ஒரே நடையில் கொண்டுபோகும் மின்சார சைக்கிள் ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கடையில் வாங்கக்கூடியவை எல்லாம் அவருடைய வருமானத்துக்கு எட்டாத விலை. மாஸ்டருக்கு வேலை தெரியும். எனக்கு ஓரளவு கணக்கு தெரியும்.

சுமையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு டென்மார்க்காரர்கள் 1920களிலேயே ஒரு விடை கண்டார்கள். லாங் ஜான் என்று அதற்குப் பெயர். முன் சக்கரத்தைச் சின்னதாக்கி வெகுதூரம் முன்னால் தள்ளிவிட்டு, ஓட்டுபவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தரையை ஒட்டித் தாழ்வாகச் சுமைத்தட்டை வைத்தார்கள். ஹேண்டில் பாரைத் திருப்பினால், தட்டுக்கு அடியில் ஓடும் நீண்ட தண்டு ஒன்று முன் சக்கரத்தைத் திருப்பும். ரொட்டி, பால், தபால் எல்லாம் அதில் போயின. இன்று கோபன்ஹேகனில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள். சென்னைக்காரர்களுக்குச் சுமையை முன்னால் வைப்பது புதிய செய்தி இல்லை. மீன்பாடி வண்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். முன்னால் இருக்கும் சுமை கண்ணுக்கு எதிரே இருக்கிறது. தாழ்வாக இருந்துவிட்டால் இறக்கி ஏற்றும்போது வண்டி ஆளைக் கவிழ்ப்பதில்லை.

ஆனால் அந்த அமைப்பு ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. சாதாரண சைக்கிளின் ஃபிரேம் முக்கோணங்களால் ஆனது. மூன்று குச்சிகளை முனையோடு முனை கட்டினால் அந்த வடிவம் அசையாது; நான்கு குச்சிகளைக் கட்டினால் சாய்ந்துவிடும். கூரைச் சட்டம் போடும் ஆசாரிக்கும் பாலம் கட்டும் பொறியாளருக்கும் இது அரிச்சுவடி. முக்கோணத்துக்குள் ஒவ்வொரு குழாயும் பெரும்பாலும் இழுபடும் அல்லது அழுத்தப்படும். வளைய வேண்டிய அவசியம் குறைவு. அதனால்தான் விரல் தடிமன் குழாய்களால் ஆன சைக்கிள் இரண்டு பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் சுமக்கிறது. லாங் ஜானில் நடுப்பகுதியில் சுமை உட்கார வேண்டுமே, அங்கே முக்கோணம் போட இடமில்லை. தரையை ஒட்டி ஓடும் ஒற்றைத் தண்டுக் குழாய்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். நீளமும் கூடிவிடுகிறது. வழக்கமான சைக்கிளில் இரு சக்கர மையங்களுக்கு இடையே ஒரு மீட்டர் சொச்சம் இருக்கும். எங்கள் வண்டியில் 1.9 மீட்டர். இரு முனையிலும் தாங்கிய பலகையின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், நடுவில் வைக்கும் அதே எடைக்கு அது இரண்டு மடங்கு தாழாது, எட்டு மடங்கு தாழும்.

தாழ்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முறுக்கத்தைப் பொறுக்க முடியாது. ஓட்டுபவர் ஒவ்வொரு மிதிக்கும் பின்பகுதியை லேசாக ஒருபுறம் சாய்க்கிறார். முன்பகுதி 80 கிலோவின் மந்தத்தோடு அப்படியே நிற்கிறது. நடுவிலுள்ள குழாய் ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. பிறகு விட்டு அடிக்கிறது. இது ஊஞ்சலைப் போல: தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு, சுமை கூடக்கூட அந்த வேகம் குறையும். ஸ்டியரிங்கின் இயல்பான அசைவும் அதோடு ஒத்துப்போனால், ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது என்பதற்கான சமன்பாடுகளை 1899இலேயே கேம்பிரிட்ஜ் மாணவர் பிரான்சிஸ் விப்பிள் எழுதிவிட்டார். சக்கரத்தின் சுழற்சி, முன் ஃபோர்க்கின் சாய்வு, எடை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் அவருடைய சைக்கிளில் ஃபிரேம் துளியும் வளையாத கட்டை. நிஜ ஃபிரேம் முறுக்கும்போது அந்தச் சமன்பாடுகள் தரும் உறுதிமொழி செல்லாது. எங்கள் முதல் வண்டியில் நான்கு கேன்களை ஏற்றி நான் ஓட்டிப் பார்த்தபோது, மணிக்கு 17, 18 கி.மீ.யில் முன்சக்கரம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. பிரேக் பிடித்துக் காலை ஊன்றி நின்றேன். கை நடுக்கம் அடங்க நேரமாயிற்று. இந்த வண்டியை அந்தத் தம்பியிடம் கொடுக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தவறு என்னுடையது. சுமை வண்டி என்றதும் உயர்ந்த எஃகு வேண்டும் என்று நினைத்தேன். சாதாரண இரும்புக் குழாயை ஒதுக்கிவிட்டு, பல மடங்கு விலை கொடுத்து 4130 என்ற குரோமோலி எஃகுக் குழாயை வரவழைத்தேன். குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு சேர்ந்தது. விமானச் சட்டங்களுக்கும் பந்தய சைக்கிள்களுக்கும் போவது. வெளிவிட்டம் 38 மி.மீ., சுவர்த் தடிமன் 1.5 மி.மீ. இவ்வளவு நல்ல எஃகு எப்படி ஆடும் என்று எனக்கு ஒரு நாள் முழுக்கப் புரியவில்லை. பொறியியல் முதலாண்டுப் பாடத்தில் படித்ததை மறந்திருந்தேன்: வலிமை வேறு, விறைப்பு வேறு.

விறைப்பு என்பது பளு ஏறும்போது எவ்வளவு நெகிழ்கிறது, இறங்கியதும் பழைய நிலைக்கு வருகிறது என்பது பற்றியது. இரும்பு அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்புகளைக் குட்டி வில்களாக நினைத்துக்கொண்டால், விறைப்பு அந்த வில்களின் குணம். குரோமோலியில் எடைப்படி 97 சதவீதத்துக்கு மேல் இரும்புதான். கொஞ்சம் குரோமியம் கலந்ததால் இரும்புக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள வில் மாறிவிடுவதில்லை. அதனால் கதவு கிரில்லுக்குப் போகும் இரும்பும், பந்தய சைக்கிளுக்குப் போகும் எஃகும் விறைப்பில் ஒன்றேதான். இரண்டுக்கும் யங் குணகம் சுமார் 200 ஜிகாபாஸ்கல்.

வலிமை என்பது எந்தப் பளுவில் நிரந்தரமாக வளைந்துபோகும் என்பது. இங்கேதான் கலப்பு வேலை செய்கிறது. பெரிய பவானி ஜமுக்காளத்தைத் தரையில் நகர்த்த வேண்டும் என்றால் மொத்தமாக இழுப்பது கஷ்டம். ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அந்த மடிப்பை மறுகோடிவரை தள்ளிக்கொண்டு போனால் எளிதில் நகர்ந்துவிடும். உலோகம் வளைவதும் இப்படித்தான். அணு அடுக்குகளிலுள்ள சிறு பிசகுகள் நகர்ந்து நகர்ந்து வளைவை உண்டாக்குகின்றன. 1934இல் டெய்லர், ஓரோவான், பொலானி மூவரும் தனித்தனியே இதைக் கண்டு சொன்னார்கள். கலப்புத் தனிமங்களும் நுண்ணிய கார்பைடு துகள்களும் ஜமுக்காளத்தின் மேல் வைத்த கற்களைப்போல மடிப்பை நகரவிடாமல் தடுக்கின்றன. ஆகவே என் விலையுயர்ந்த குழாய் சாதாரணக் குழாயைவிட ஏறத்தாழ இரு மடங்கு பளுவில்தான் நிரந்தரமாக வளையும். ஆனால் அதற்கு முன்பு, சாதாரணக் குழாய் எவ்வளவு ஆடுமோ அவ்வளவும் ஆடும்.

ஆட்டத்தை அடக்குவது வடிவம். குழாயின் பொருள் மையக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு முறுக்கத்தையும் வளைவையும் எதிர்க்கும். அந்தத் தூரம் நேர் கணக்கில் இல்லை, வர்க்கக் கணக்கில் சேர்கிறது. 38 மி.மீ. குழாயை விட்டுவிட்டு அதே 1.5 மி.மீ. சுவருள்ள 50.8 மி.மீ. குழாயை, அதாவது இரண்டு இஞ்ச் குழாயை, எடுத்தால் எடை 35 சதவீதம் கூடும். விறைப்போ கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகும். எடையே கூடாமல் இரண்டு இஞ்ச் குழாயின் சுவரை 1.1 மி.மீ. ஆக மெலித்தால்கூட விறைப்பு சுமார் 85 சதவீதம் கூடும். அப்படியானால் இன்னும் பெரிதாக, இன்னும் மெல்லியதாகப் போய்க்கொண்டே இருக்கலாமே என்றால், முடியாது. குளிர்பான டின்னை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து அழுத்தினால் தாங்கும், பக்கத்தில் ஒரு விரல் நெளித்துவிட்டால் கசங்கிவிடும். தெருவில் ஓடும் வண்டியின் அடிக்குழாய் ஸ்பீட் பிரேக்கரில் உரசும்.

வடிவத்தின் பலத்தை வீட்டிலேயே பார்க்கலாம். காலண்டர் சுருட்டி வரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. பிறகு பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு வெட்டிவிட்டு முறுக்குங்கள். துணிபோலத் துவளும். அட்டை அதேதான், எடையும் அதேதான். மூடியிருந்த வளையம் திறந்துவிட்டது, அவ்வளவே. எங்கள் இரண்டு இஞ்ச் குழாயை இப்படி நீளமாகக் கீறினால் முறுக்க விறைப்பு ஏறக்குறைய 800 மடங்கு குறைந்துவிடும். சுமை வண்டிக்குச் சி-சேனலும் ஆங்கிளும் வாங்கி வெல்டு வைக்கும் பட்டறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று சக்கர வண்டிக்கு அது செல்லும். இரண்டு சக்கரத்துக்கு ஆகாது.

இந்த முறை குழாய் வாங்க வெகுதூரம் போகவில்லை. அம்பத்தூரைச் சுற்றிய பகுதிக்குக் குழாய் பழைய உறவு. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, சைக்கிளுக்கான குழாயை இங்கேயே செய்ய ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் குடையின் கீழ்தான் பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸும் இருந்தது. வெல்டு வரும் இரு முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் குழாய் இழுக்கும் முறைக்கு 1897இல் காப்புரிமை பெற்றவர்கள் அவர்கள். தேவையுள்ள இடத்தில் மட்டும் உலோகம் என்ற அந்த யோசனையை எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காது. எங்களுக்கு அந்த வகை கிடைக்கவில்லை. சாதாரண இரண்டு இஞ்ச் சைக்கிள் தரக் குழாயையே வாங்கினோம். முதல் குழாயின் விலையில் சிறு பங்குதான்.

அடுத்து மாஸ்டரின் ராஜ்ஜியம். ஒரு குழாய் இன்னொன்றின் முதுகில் போய் உட்காரும் இடத்தில், முனையைப் பிறை வடிவில் குடைந்து வெட்ட வேண்டும். காகிதத்தில் வரைந்து குழாயைச் சுற்றி ஒட்டி, கோடு பார்த்து அறுத்து, கடைசிப் பகுதியை அரை வட்ட அரத்தால் ராவுவார். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். இணைப்பில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் அரம். “ஒட்டுறதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிடணும் சார். வெல்டிங் வெச்சு ஓட்டையை அடைக்கிறவன் வெல்டர் இல்ல” என்பார்.

ஏன் இந்தக் கறார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. ஆர்கான் வெல்டிங்கில், 3,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் டங்ஸ்டன் ஊசியின் முனையில் மின்பொறி எரிகிறது. சுற்றிலும் ஆர்கான் வாயு பாய்ந்து காற்றைத் தள்ளி வைக்கிறது. பட்டாணி அளவு இரும்பு உருகிக் குளமாகிறது. உருகியது குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். இடைவெளி அதிகமானால் நிரப்பும் உலோகம் அதிகம், இழுப்பும் அதிகம். இணைப்பில் ஒரு டிகிரி இழுத்துக்கொண்டால், 1.2 மீட்டர் தள்ளியிருக்கும் முன் சக்கரம் 21 மி.மீ. விலகிவிடும். அப்படிப்பட்ட வண்டி கையை விட்டால் எப்போதும் ஒரே பக்கம் போகும்.

அதனால் மாஸ்டர் ஓர் இணைப்பை ஒரே மூச்சில் சுற்றி முடிப்பதில்லை. நான்கு இடத்தில் பொட்டு வைப்பார். பிறகு மேலே ஒரு விரற்கடை, நேர் எதிரே கீழே ஒரு விரற்கடை. எழுந்துபோய் வேறு இணைப்பைப் பார்ப்பார், இது ஆறட்டும் என்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் பிடித்து, மூலைமட்டம் வைத்து, நேராக இருக்கிறதா என்று சரிபார்ப்பார். மூடப்படப் போகும் ஒவ்வொரு குழாயிலும் முன்கூட்டியே 3 மி.மீ. துளை போட்டிருந்தார். எதற்கென்று கேட்டேன். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிந்து, கடைசிப் பொட்டு மூடும் நேரத்தில் உருகிய இரும்பைத் துப்பிவிடுமாம். முகக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன்: பச்சைநிற இருட்டு, நடுவில் ஒரு வெளிச்சத் துளி, அதன் பின்னால் மீன் செதில் அடுக்கியதுபோல ஆறிக்கொண்டே வரும் வரிகள்.

ஃபிரேம் ஆறியதும் அதே கேனை அதே கம்பியில் தொங்கவிட்டோம். வித்தியாசம் 3 மி.மீ. தனிக் குழாயின் விறைப்புக்கு என் கணக்கு சொன்னது இரண்டரை மடங்கு. இணைப்புகளின் நெகிழ்வையும் சேர்த்தால் சரிதான். விறைப்பு இரண்டரை மடங்கானால் ஆட்டத்தின் வேகம் அதன் வர்க்கமூலமாக, ஒன்றரை மடங்குக்குச் சற்றே மேலாகக் கூடும். ஸ்டியரிங்கின் அசைவோடு அது இனி எளிதில் கைகோக்காது. நான்கு கேன்களோடு மணிக்கு 25 கி.மீ. வரை ஓட்டினேன். வண்டி கோடு போட்டதுபோல் போனது.

மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சட்டமே அளவை முடிவு செய்துவிடுகிறது. நம் நாட்டில் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் பதிவு எண் வேண்டியதில்லை. வண்டி, ஆள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 190 கிலோ. சமதரையில் மணிக்கு 15 கி.மீ. போக சுமார் 100 வாட் போதும். நல்ல உடம்புள்ள ஒருவர் மிதித்தே தந்துவிடலாம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் மேம்பாலத்தில் வேகத்தை 10 கி.மீ. ஆகக் குறைத்தாலும் சுமார் 300 வாட் கேட்கும். அந்த மிச்சத்துக்குத்தான் மோட்டார். பெடல் அச்சில் பொருத்தும் மோட்டார் கியர்களைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் ஏற்றத்துக்கு அதுவே சிறந்தது. ஆனாலும் நான் பின்சக்கர ஹப் மோட்டாரைத்தான் தேர்ந்தெடுத்தேன். செயினும் பல்சக்கரமும் எந்தத் தெருமுனை சைக்கிள் கடையிலும் பழுதுபார்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும். மோட்டார் நின்றுபோனாலும் தம்பி மிதித்து வீடு திரும்ப வேண்டும்.

ஹப் மோட்டாரில் ஒரு விஷயத்தை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே திருப்புவிசை, அச்சைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். புறப்படும்போது அது 40 நியூட்டன்-மீட்டர் என்றால், 10 மி.மீ. அகலமே உள்ள அச்சின் தட்டைப் பக்கங்களில் அது 400 கிலோ எடைக்குச் சமமான விசையாக விழும். சாதாரண சைக்கிளின் மெல்லிய பின் பிளவுத் தகடு இதைத் தாங்காமல் விரிந்துவிடும். சக்கரமே கழன்று வரலாம். 8 மி.மீ. தகட்டில் பிளவை அறுத்து, அச்சைக் கவ்வும் நீண்ட கை ஒன்றையும் ஃபிரேமோடு போல்ட் போட்டோம்.

தம்பி மூன்று மாதம் ஓட்டிய பிறகு வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்தோம். எந்த உலோகமும் ஒரே பெரிய பளுவில் உடைவதைவிட, ஆயிரமாயிரம் சின்னப் பளுக்களில் களைத்துத்தான் அதிகம் உடைகிறது. ரயில் அச்சுகள் எதிர்பாராமல் முறிவதை ஆராய்ந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானியர் ஆகஸ்ட் வோலர் இதை அளந்து காட்டினார். எஃகில் ஒரு வசதி உண்டு: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பளு இருந்தால் பல லட்சம் முறை ஆட்டினாலும் களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது. ஆனால் எஃகிலும் வெல்டின் ஓரத்தில் பளு குவியும் இடம் இருந்தால் அந்த வசதி கைகொடுக்காது.

பெயின்டைச் சுரண்டிவிட்டு, இணைப்புகள் மேல் சிவப்புச் சாயத்தைத் தெளித்தார் மாஸ்டர். பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, வெள்ளை மாவுபோன்ற பூச்சை அடித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த சாயம் வெள்ளையில் கசிந்து கோடு போடும். நாங்கள் பயந்த தண்டுக் குழாயின் சுற்று இணைப்பு சுத்தமாக இருந்தது. பின் தகடுகளும் சுத்தம். முன் ஃபோர்க் குழாய்க்குக் கீழே, கூடுதல் பலத்துக்கு இருக்கட்டுமே என்று கடைசி நாளில் நாங்கள் வைத்த முக்கோணத் தகட்டின் கூர்முனையில், நகக்கண் அளவுக்குச் சிவப்பாக ஒரு கோடு மெல்லத் தெரிந்தது.

விறைத்த தகடு சட்டென்று முடிந்துபோகும் அந்த முனையில்தான் குழாயின் வளைவு முழுவதும் வந்து குவிந்திருக்கிறது. தகடு இல்லாதிருந்தால் அந்த இடம் நிம்மதியாக இருந்திருக்கும். மாஸ்டர் கோட்டின் மேல் விரல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிரைண்டரின் பிளக்கைச் செருகினார். “இந்தத் தகட்டை எடுத்துடலாம் சார். குழாயை மட்டும் சுத்தமா ஒட்டித் தர்றேன். தம்பிய நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லுங்க.”